சிலைடில் காடு தெரியாது

சிங்கப்பூரில் ஒருவருக்குக் காய்ச்சல் இரண்டு மூன்று நாளாக விடாமல் அடித்து, இரத்தத்தில் தட்டணுவும் குறைந்திருந்தால் எல்லார் வாயிலும் முதலில் வரும் சொல் டெங்கி. அதில் தப்பில்லை. இந்த ஊரில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைப் படுக்கையில் தள்ளுவது அதுதான். டெங்கி இல்லை என்று முடிவு வந்த பிறகு, ஊதா மூடி போட்ட குழாய் ஒன்று ‘எம்.பி.’ என்ற இரண்டெழுத்துக் குறிப்போடு என் மேசைக்கு வரும். மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா பார் என்பதற்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வைத்திருக்கும் சுருக்கம் அது.

நான் மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பர். சிராங்கூன் ரோட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில்தான் என் வேலை. இரத்தத்தை எண்ணும் இயந்திரங்கள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் மலேரியாவுக்கு இன்னமும் கண்ணாடிச் சிலைடும் நுண்ணோக்கியும் உட்கார்ந்து பார்க்கும் பொறுமையும்தான் முதல் கருவிகள். இத்தனை காலம் பார்த்ததில் எனக்குத் தெளிந்தது ஒன்று. நுண்ணோக்கி ஒட்டுண்ணியின் உருவத்தைக் காட்டும். அது எங்கிருந்து வந்தது என்று காட்டாது. மனிதனிடமிருந்து மனிதனுக்கு வந்ததா, காட்டுக் குரங்கிடமிருந்து வந்ததா என்று தெரிய வேண்டுமானால் ஆளைக் கேட்க வேண்டும். பார்ப்பது பாதி, கேட்பது பாதி. இரண்டும் சேர்ந்ததுதான் இந்தக் கைவேலை.

முதலில் பார்ப்பதைச் சொல்கிறேன். ஒரே சிலைடில் இரண்டு பூச்சுகள் போடுவோம். ஒன்று தடித்தது, மற்றொன்று மெல்லியது. தடித்த பூச்சுக்கு, வைத்த சொட்டு இரத்தத்தை இன்னொரு சிலைடின் மூலையால் ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகப் பரப்ப வேண்டும். அச்சடித்த தாளின்மேல் அதை வைத்தால் கீழே இருக்கும் எழுத்து மங்கலாகவாவது தெரிய வேண்டும். எழுத்தே தெரியாவிட்டால் பூச்சு கனத்துவிட்டது. கழுவும்போது உரிந்து போகும். எழுத்து பளிச்சென்று தெரிந்தால் அது தடித்த பூச்சே இல்லை.

மெல்லிய பூச்சை மெத்தனாலில் நனைத்து நிலைநிறுத்துவோம். தடித்ததை நனைக்கக் கூடாது. சாயத்திலிருக்கும் தண்ணீர் பட்டுச் சிவப்பணுக்கள் கரைந்துபோக வேண்டும். அப்போதுதான் அடுக்கடுக்காகக் கிடக்கும் இரத்தத்தில் ஒட்டுண்ணியும் வெள்ளணுவும் மட்டும் எஞ்சி நிற்கும். ஒட்டுண்ணி இருக்கிறதா என்று தேடுவது தடித்ததில். அது எந்த இனம் என்று அடையாளம் காண்பது மெல்லியதில். சிவப்பணு முழுசாக இருந்தால்தான் அது பெருத்திருக்கிறதா, அதற்குள் புள்ளிகள் விழுந்திருக்கின்றனவா, ஒட்டுண்ணி அதற்குள் எப்படிக் கிடக்கிறது என்று பார்க்க முடியும்.

சாயம் கீம்சா. ஹாம்பர்க் நகரத்தின் குஸ்டாவ் கீம்சா 1904-இல் செம்மைப்படுத்திய அதே கலவையை இன்றும் பயன்படுத்துகிறோம். கரைக்கும் நீரின் அமில-கார அளவு (பிஎச்) 7.2-இல் நிற்க வேண்டும். அது கொஞ்சம் அமிலப் பக்கம் சாய்ந்தாலும் வைவாக்ஸ் ஒட்டுண்ணி குடியிருக்கும் சிவப்பணுவின் புள்ளிகள் தெரியாமல் போய்விடும். சாயத்தைக் கொட்டுவதிலும் முறை இருக்கிறது. சிலைடைச் சரித்துக் கொட்டினால் மேலே மிதக்கும் படலம் பூச்சின்மேல் ஒட்டிக்கொண்டு, ஒட்டுண்ணிபோலவே கண்ணை ஏமாற்றும். மெல்லத் தண்ணீர் விட்டு அந்தப் படலத்தை மிதக்கவிட்டே வெளியேற்ற வேண்டும். குழாயில் நேரம் கடந்து கிடந்த இரத்தத்திலும் ஒட்டுண்ணிகள் உருக்குலைந்துவிடும். அதனால் குழாய் கைக்கு வந்தவுடன் பூச்சைப் போட்டுவிட வேண்டும். மற்ற வேலை பிறகு.

அதன்பின் எண்ணெய் சொட்டி, ஆயிரம் மடங்கு பெருக்கத்தில் தடித்த பூச்சைப் படிப்பது. குறைந்தது நூறு பார்வைக் களங்களாவது பார்க்காமல் ‘இல்லை’ என்று எழுதக் கூடாது என்பது விதி. ஒருமுறை ‘இல்லை’ என்றாலும், காய்ச்சல் தொடர்ந்தால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி இரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். கண்டுவிட்டால் எண்ண வேண்டும். இத்தனை வெள்ளணுவுக்கு இத்தனை ஒட்டுண்ணி என்று கணக்கிட்டு, ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்துக்கு எத்தனை என்று சொல்லுவோம். மருத்துவருக்கு இனத்தின் பெயர் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் இந்த எண்.

மனிதனுக்கு மலேரியா தருபவை நான்கு இனங்கள் என்றுதான் நாங்கள் படித்தோம். ஃபால்சிபாரம், வைவாக்ஸ், மலேரியே, ஒவாலே. ஒவ்வொன்றுக்கும் ஒரு முகவெட்டு உண்டு. ஃபால்சிபாரம் மெல்லிய மோதிரம்போல இருக்கும்; ஒரே செல்லுக்குள் இரண்டு மூன்று கிடக்கும். வைவாக்ஸ் தான் புகுந்த சிவப்பணுவைப் பெருக்கவைத்து, உருவம் நில்லாமல் கோணல் மாணலாகப் பரவும். மலேரியே செல்லின் குறுக்கே பட்டையாகப் படுத்துக்கொள்ளும். எண்ணிக்கையும் எப்போதும் குறைவாகவே இருக்கும். இந்த அடையாளங்களைக் கண்ணை மூடினாலும் தெரியும் அளவுக்குப் பழகிய பிறகுதான் ஐந்தாவது இனம் எங்கள் பாடத்துக்குள் வந்தது. அதன் பெயர் நோல்சி. அதன் வீடு மனிதன் அல்ல. நீளவால் குரங்கும் பன்றிவால் குரங்கும்.

நோல்சி இரண்டு முகமூடி போடும். இளம் பருவத்தில் அது ஃபால்சிபாரம்போல மெல்லிய மோதிரம். ஒரே செல்லில் இரண்டு மோதிரமும் இருக்கும், ஒரே மோதிரத்தில் இரண்டு புள்ளியும் இருக்கும். கொஞ்சம் முதிர்ந்ததும் மலேரியேபோலக் குறுக்குப் பட்டை. செல்லைப் பெருக்கவும் செய்யாது. ஒரு சிலைடில் மோதிரங்கள் மட்டும் கண்ணில் பட்டால் ஒரு பெயர் எழுதத் தோன்றும், பட்டைகள் பட்டால் வேறு பெயர். இரண்டும் ஒரே சிலைடில் கலந்து கிடந்தால்தான் கை தயங்க வேண்டும்.

தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. ஃபால்சிபாரமும் வைவாக்ஸும் ஒரு சுற்றுப் பெருக 48 மணி நேரம் எடுக்கும். மலேரியே 72 மணி நேரம். நோல்சிக்கு 24 மணி நேரமே போதும். ஒவ்வொரு நாளும் ஒரு தலைமுறை சிவப்பணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வருகிறது. இன்று காலையில் குறைவாக இருந்த எண்ணிக்கை நாளை காலையில் பல மடங்காகிவிடும். அதை மலேரியே என்று நினைத்து ‘இது மெதுவான நோய்தான்’ என்று விட்டுவிட்டால் நோயாளியின் சிறுநீரகமும் நுரையீரலும் அதற்குள் சிக்கலாகலாம். ஒரு மைக்ரோலிட்டருக்கு 100,000-ஐத் தாண்டினால் கடுமையான நோல்சி மலேரியா என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. எங்கள் பகுதியில் ‘மலேரியே’ மாதிரித் தெரிகிறது, ஆனால் எண்ணிக்கை அதிகம் என்றால் அது நோல்சி என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல செய்தி, நேரத்தோடு கண்டுபிடித்தால் இது மருந்துக்குப் பணிந்துவிடும். குளோரோகுயினுக்கும் பணியும், ஆர்டிமிசினின் கூட்டு மருந்துக்கும் பணியும்.

இந்த ஒட்டுண்ணியின் வரலாற்றில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 1931-இல் கல்கத்தாவில் காலா அசார் நோய் ஆராய்ச்சிக்காக வைத்திருந்த ஒரு நீளவால் குரங்கின் இரத்தத்தில் கேம்பெல் என்ற மருத்துவர் இதைக் கண்டார். அந்தக் குரங்கு சிங்கப்பூரிலிருந்து கப்பலேறிப் போனது. கேம்பெலும் அவருடைய சகா நேப்பியரும் அந்த இரத்தத்தை வேறு குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். அவற்றில் இருந்த ஒரு ரீசஸ் குரங்கு கடுமையாக நோயுற்றது. பிறகு அதை பிரஜ் மோகன் தாஸ்குப்தா என்ற வங்காள ஆய்வாளரிடம் கொடுத்தார்கள். அவர் குரங்கிலிருந்து குரங்குக்கு மாற்றி மாற்றி ஒட்டுண்ணியைக் காப்பாற்றி வைத்திருந்தார். விடுப்பில் போயிருந்த அவருடைய மேலாளர் இராபர்ட் நோல்ஸ் திரும்பியதும், இருவரும் சேர்ந்து 1932-இல் அதை விரிவாக விவரித்தார்கள். இரத்தம் வழியாக அது மனிதனுக்கும் ஏறும் என்றும் காட்டினார்கள். சிண்டனும் மல்லிகனும் அதைத் தனி இனமென்று கண்டு நோல்ஸின் பெயரைச் சூட்டினார்கள். பாடுபட்டு உயிரோடு வைத்திருந்தது தாஸ்குப்தா, பெயர் மேலாளருக்கு. ஆய்வுக்கூடத்தில் சிலைடு பார்ப்பவர்களுக்கு இது புதிதல்ல.

அந்தக் காலத்தில் மூளையைத் தாக்கிய மேகநோய்க்குச் செயற்கையாகக் காய்ச்சல் வரவைத்துச் சிகிச்சை செய்யும் வழக்கம் இருந்தது. அதற்கு இந்தக் குரங்கு மலேரியாவையும் பயன்படுத்தினார்கள். உருமேனியாவில் மனிதனிலிருந்து மனிதனுக்கு மாறி மாறிச் செலுத்தியதில் ஒட்டுண்ணி வீரியம் ஏறிப்போய்க் கட்டுக்கடங்காததால் அதைக் கைவிட வேண்டி வந்தது. ஊசியில் ஏறும் என்பது இவ்வாறு எல்லாருக்கும் தெரிந்திருந்தது. கொசு வழியாகக் காட்டிலிருந்து மனிதனுக்கு வரும் என்பதுதான் தெரியவில்லை.

அது தெரியவந்தது 1965-இல். பகாங் காட்டில் சில நாள் தங்கி வேலை செய்த ஓர் அமெரிக்க நில அளவையாளர் நாடு திரும்பியதும் காய்ச்சலில் விழுந்தார். முதலில் பார்த்தவர்கள் ஃபால்சிபாரம் என்றார்கள். அடுத்துப் பார்த்தவர்கள் மலேரியே என்றார்கள். அவருடைய இரத்தத்தை ரீசஸ் குரங்குகளுக்குச் செலுத்தியபோது அவை செத்துப்போயின. அப்போதுதான் நோல்சி என்று உறுதியானது. மேலே நான் சொன்ன இரண்டு முகமூடியும் அந்த ஒரே மனிதரின் சிலைடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயிருக்கின்றன. அடையாளம் தப்பியது பார்த்தவர்களின் திறமைக் குறைவால் அல்ல. அவர்கள் சிலைடைப் பார்த்தார்கள். சிலைடில் காடு இல்லை.

அதற்குப் பிறகும் அதை அபூர்வ நிகழ்ச்சியாகவே உலகம் ஒதுக்கி வைத்தது. சரவாக் மாநிலத்தின் காப்பிட் பகுதியில் ‘மலேரியே’ என்று எழுதப்பட்ட நோயாளிகள் வழக்கத்துக்கு மாறாகக் கடுமையாக நோயுற்றிருந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் ஒட்டுண்ணியும் மிக அதிகம். பல்பீர் சிங்கும் ஜேனட் காக்ஸ்-சிங்கும் அவர்களுடைய குழுவும் அந்த இரத்தத்தின் மரபணுவைப் பார்த்தார்கள். 208 பேரில் 120 பேருக்கு இருந்தது நோல்சி. 2004-இல் அந்தக் கட்டுரை லான்செட்டில் வந்தது. அன்றிலிருந்துதான் தென்கிழக்காசியாவில் சிலைடு பார்ப்பவர்கள் ‘மலேரியே’ என்று எழுதும் முன் பேனாவை நிறுத்தத் தொடங்கினோம். மலேசியாவில் 2018 முதல் உள்ளூரில் மனித மலேரியா இல்லை. ஆனால் குரங்கு மலேரியா ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது.

சிங்கப்பூருக்கு அது 2007-இல் வந்தது. சரியாகச் சொன்னால், இங்கே இருந்தது அப்போதுதான் கண்ணில் பட்டது. லிம் சூ காங் பக்கம் காட்டில் பயிற்சி செய்த ஓர் இளம் இராணுவ வீரருக்கு நோல்சி மலேரியா உறுதியானது. இங்கேயே தொற்றிய முதல் நோயாளி அவர். அந்த ஆண்டிலும் அடுத்த ஆண்டிலும் இராணுவத்தைச் சேர்ந்த மேலும் சிலருக்கு அது கண்டறியப்பட்டது. அவர்கள் பயிற்சி செய்த அதே காட்டில் பிடித்த குரங்குகளின் ஒட்டுண்ணியையும் வீரர்களின் ஒட்டுண்ணியையும் மரபணு அளவில் ஒப்பிட்டபோது இரண்டும் உறவுக்காரர்களாக இருந்தன. மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982-இல் சான்றளித்த ஊரில், கால் நூற்றாண்டு கழித்து, வெளிநாடே போகாத பையன்களின் இரத்தத்தில் மலேரியா.

அதன்பின் நடந்த கணக்கெடுப்புத்தான் எனக்கு மிகவும் பிடித்த பாடம். 2008-லிருந்து 2017 வரை குரங்குகளின் இரத்தத்தை எடுத்துப் பார்த்தார்கள். குடியிருப்புகளையும் பூங்காக்களையும் ஒட்டி வாழும் குரங்குகள் 660. அவற்றில் ஒன்றுக்குக்கூட மலேரியா இல்லை. ஆள் நடமாட்டமில்லாத காட்டுக்குள் வாழும் குரங்குகள் 379. அவற்றில் நூற்றுக்கு 80.5 குரங்குகளுக்கு மலேரியா இருந்தது. அதுவும் ஒரே இனம் இல்லை, ஐந்து இனங்கள். பல குரங்குகளின் உடம்பில் இரண்டு மூன்று இனங்கள் ஒன்றாகக் குடியிருந்தன. அதிகம் காணப்பட்டது சினோமோல்கி, அடுத்தது நோல்சி.

ஒரே தீவு, ஒரே குரங்கு இனம். இங்கே சுழியம், அங்கே ஐந்தில் நான்கு. வித்தியாசம் குரங்கில் இல்லை, கொசுவில் இருக்கிறது. குரங்கு மலேரியாவைக் கடத்துபவை அனாஃபிலிஸ் கொசுக்களில் லூக்கோஸ்பைரஸ் என்ற கூட்டம். அடர்ந்த காட்டின் நிழலில், இலை அழுகிய சிறு நீர்க்குட்டைகளில் முட்டையிட்டு, இருட்டிய பிறகு மரக்கிளையில் தூங்கும் குரங்கையும் தரையில் படுத்திருக்கும் மனிதனையும் கடிப்பவை. சரவாக்கின் காப்பிட்டில் லேட்டன்ஸ் கொசு, பகாங்கின் கோலா லிப்பிஸில் கிராசன்ஸ் கொசு என்று இடம் இடமாகப் போய் இரவில் கொசு பிடித்து, அவற்றை அறுத்துப் பார்த்து நிறுவியவர்கள் பூச்சியியலாளர் இந்திரா வைத்திலிங்கமும் அவருடைய குழுவினரும். குரங்கைக் கண்டால் நோய் வராது. குரங்கு கடித்தாலும் மலேரியா வராது. குரங்கு தூங்கும் காட்டில், அந்தக் கொசு பறக்கும் நேரத்தில் நாமும் இருந்தால்தான் வரும்.

காடும் கொசுவும் மனிதனும் சந்திக்கும் இந்தக் கணக்கு நம் மக்களுக்குப் பழையது. மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன தமிழர்களில் எத்தனையோ பேரை மலேரியா தின்றது. கிள்ளானில் வேலை பார்த்த மால்கம் வாட்சன் என்ற மருத்துவர்தான் அதன் சூட்சுமத்தைக் கண்டார். கடலோரச் சமவெளியில் காட்டை வெட்டி வடிகால் எடுத்தால் காய்ச்சல் குறைந்தது. அதே வேலையை மலைச்சரிவில் செய்தபோது காய்ச்சல் கூடியது. சமவெளியில் நிழலை விரும்பும் கொசு. மலையில் வெயில் பட்ட தெளிந்த ஓடையை விரும்பும் மாக்குலேட்டஸ் கொசு. எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது, எந்தக் கொசு என்று முதலில் பார் என்றார் அவர். அதன்பிறகு தரைக்கடியில் குழாய் பதித்தும், ஓடைகளில் எண்ணெய் தெளித்தும் தோட்டம் தோட்டமாகக் காய்ச்சலைக் குறைத்தார்கள். அந்த வடிகால்களை வெட்டியதும் எண்ணெய் டப்பாவைத் தோளில் சுமந்ததும் நம் தாத்தாமார்களின் கைகள். சிங்கப்பூரும் அந்த வழியில்தான் மலேரியாவை வென்றது. ஆனால் வடிகால் வெட்டி வெல்லக்கூடியது மனிதனிடம் குடியிருக்கும் மலேரியாவைத்தான். காட்டின் உச்சாணிக் கிளையில் குடியிருப்பதற்கு வடிகால் வெட்ட முடியாது.

இனி, கேட்பதற்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் நின்று பாருங்கள். கட்டுமானத் தளத்திலிருந்து வந்த தம்பிகள், தேசிய சேவையிலிருந்து விடுப்பில் வந்த பையன்கள், சென்னையிலிருந்து நேற்று இறங்கிய மாமியார், ஜோகூரில் உறவினர் தோட்டத்தில் டுரியான் பொறுக்கிவிட்டுத் திரும்பிய குடும்பம். இவர்கள் நாலு பேருக்கும் ஒரே நாளில் காய்ச்சல் வந்தால் நாலு குழாய்களும் ஒரே நிறத்தில்தான் என் மேசைக்கு வரும். ஆனால் சென்னையிலிருந்து வந்தவரின் மலேரியா பெரும்பாலும் வைவாக்ஸாக இருக்கும். அங்கே கிணற்றிலும் மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் வளரும் ஸ்டீஃபன்சி கொசு நகரத்துக்குள்ளேயே மலேரியாவைக் கடத்துகிறது. காட்டுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. தோட்டத்தில் இரவு தங்கியவரின் கதை வேறு.

இனம் மாறினால் சிகிச்சையும் மாறும். வைவாக்ஸ் கல்லீரலுக்குள் ஒளிந்திருந்து மாதங்கள் கழித்து மறுபடி எழும்பும். அதை வேரறுக்கப் பிரைமாகுயின் வேண்டும். அதைக் கொடுக்கும் முன் ஜி6பிடி நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்தே சிவப்பணுக்களை உடைத்துவிடும். நோல்சி கல்லீரலில் ஒளியாது; ஆனால் இன்றே சிகிச்சை தொடங்க வேண்டும். என் பேனா எழுதும் ஒரு பெயரில் இத்தனையும் தொங்குகிறது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளோடு இந்தப் பேச்சு அடிக்கடி நடக்கும்.

“அக்கா, மோதிரம் மோதிரமா இருக்கு. ஒரே செல்லுல ரெண்டு. ஃபால்சிபாரம்னு போட்டுடலாமா?”

“பட்டை ஏதும் இருக்கா பாத்தியா?”

“ரெண்டு மூணு இருக்கு. ஆனா மோதிரந்தான் அதிகம்.”

“ஆள் எங்க போனாருன்னு ஃபார்ம்ல எழுதியிருக்கா?”

“பயணம் இல்லைன்னு போட்டிருக்கு.”

“பயணம் இல்லைன்னா வெளிநாடு போகலைன்னு அர்த்தம். காட்டுக்குப் போகலைன்னு அர்த்தம் இல்ல. வார்டுக்குப் போனைப் போட்டுக் கேளு.”

படிவத்தில் ‘பயணம்’ என்ற கட்டம்தான் இருக்கிறது. அது விமானத்தை நினைத்து அச்சடித்தது. நாங்கள் கேட்கச் சொல்லும் கேள்விகள் வேறு. கடந்த ஒரு மாதத்தில் இரவில் எங்கே தங்கினார்? வீட்டுக்குள்ளா, கூடாரத்திலா, திறந்தவெளியிலா? காட்டில் பயிற்சி உண்டா? காட்டையொட்டிய தளத்தில் இரவு வேலையா? மலேசியாவில் தோட்டம், மலையேற்றம், மீன்பிடிப்பு? அங்கே குரங்கு இருந்ததா? இந்தக் கேள்விகளைத் தமிழில் கேட்டால்தான் ஊரிலிருந்து வந்த தொழிலாளி பதில் சொல்வார். ஆங்கிலத்தில் ‘டிராவல்?’ என்று கேட்டால் ‘நோ’ என்பார், “தம்பி, ராத்திரி எங்கப்பா படுத்திருந்தீங்க?” என்று கேட்டால் கதை வரும்.

இதைப் படிக்கும்போது விரைவுப் பரிசோதனை அட்டை எதற்கு, மரபணுப் பரிசோதனை எதற்கு என்று கேட்பீர்கள். விரைவு அட்டை ஃபால்சிபாரத்துக்கும் வைவாக்ஸுக்கும் செய்தது. நோல்சி அதில் ஃபால்சிபாரமாகவும் காட்டலாம், வைவாக்ஸாகவும் காட்டலாம், ஒன்றும் காட்டாமலும் போகலாம். மரபணுப் பரிசோதனைதான் கடைசித் தீர்ப்பு; அதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அதன் முடிவு வரும்வரை நோல்சி காத்திருக்காது. இந்தச் சிலைடை மரபணுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்று முதலில் சந்தேகப்படுவதற்கு ஒரு கண்ணும், ஒரு கேள்வியும் வேண்டும். சினோமோல்கியோ வைவாக்ஸின் உடன்பிறப்புப்போல இருக்கும். நுண்ணோக்கியில் இரண்டையும் பிரிப்பது முடியாத காரியம். மனிதனுக்கு இயற்கையாகவே அது தொற்றிய முதல் நோயாளி மலேசியாவின் உலு திரங்கானுவில் கண்டறியப்பட்டு 2014-இல் பதிவானார். நம் காட்டுக் குரங்குகளில் அதிகம் இருப்பது அதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

இதெல்லாம் தென்கிழக்காசியாவின் விவகாரம், நம் ஊரில் இல்லை என்று தமிழ்நாட்டு வாசகர் நினைக்க வேண்டாம். நீலகிரியில் அனாஃபிலிஸ் எலிகன்ஸ் என்ற காட்டுக் கொசு குரங்கு மலேரியாவைக் கடத்துகிறது என்று 1963-இலேயே நிறுவியிருக்கிறார்கள். அதுவும் லூக்கோஸ்பைரஸ் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். மனித மலேரியாவை ஒழித்து 2016-இல் சான்று பெற்ற இலங்கையிலும் காட்டுக் குரங்குகளிடம் அவற்றுக்கே உரிய மலேரியா இனங்கள் உண்டு. மனித மலேரியா குறையக் குறைய, சிலைடு பார்க்கும் கண்கள் பழக்கமிழக்கின்றன. காட்டு மலேரியா வந்து நிற்கும் நாளில் அதை அடையாளம் காண ஆள் இருக்க வேண்டும் என்பது என் கவலை. கத்துக்கொள்ளும் பிள்ளைகளை வாரத்தில் ஒருமுறையாவது பழைய சிலைடுகளோடு உட்காரவைப்பது அதனால்தான். இது நீச்சல்போல இல்லை, விட்டால் மறந்துபோகும்.

குரங்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். புக்கிட் தீமா பக்கம் சன்னல் வழியாகக் குரங்கு புகுந்து பழம் எடுத்துப் போனால் உடனே ‘இதெல்லாம் நோய் பரப்பும், பிடித்துப் போடுங்கள்’ என்ற குரல் எழும். மலேரியாவைப் பொறுத்தவரை அந்த வாதத்துக்கு ஆதாரம் இல்லை. ஊரையொட்டிய 660 குரங்குகளின் இரத்தம் சொன்ன சாட்சி அது. நோல்சி நம் நீளவால் குரங்குகளிடம் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பது. அவை அதோடு வாழப் பழகியவை. ரீசஸ் குரங்கைக் கொல்வதும் மனிதனை வீழ்த்துவதும் அதே ஒட்டுண்ணிதான். விருந்தாளி வீடு மாறும்போதுதான் ஆபத்து.

அந்த மாற்றத்தைத் தூண்டுவதில் நம் கை இருக்கிறது. பூங்காவில் ரொட்டியும் வாழைப்பழமும் கொடுத்துப் பழக்கினால் காட்டின் ஆழத்திலிருக்கும் கூட்டமும் விளிம்புக்கு வரும். காட்டைத் துண்டுதுண்டாக வெட்டிச் சாலை போட்டால் குரங்கும் கொசுவும் மனிதனும் ஒரே விளிம்பில் கூடும். மலேசியாவின் சபாவில் காடு அழிந்த இடங்களைச் சுற்றியே நோல்சி கூடியது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிங்கப்பூரின் வனவிலங்குச் சட்டப்படி குரங்குக்கு உணவூட்டினால் முதல் தடவை 5,000 வெள்ளி வரை அபராதம். மறுபடியும் செய்தால் 10,000 வெள்ளி வரை. குரங்கு தொந்தரவு என்பதற்காக வந்த சட்டமாக அது பலருக்குத் தெரிகிறது. சிலைடு பார்க்கும் எனக்கு அது நோய்த் தடுப்புச் சட்டமாகவும் தெரிகிறது.

பகலில் மெக்ரிட்சி காட்டுப் பாதையில் நடப்பவர்களும், பிள்ளைகளோடு குரங்கு பார்க்கப் போகிறவர்களும் பயப்பட ஒன்றுமில்லை. இரவில் காட்டில் தங்க வேண்டியவர்கள் இருட்டுவதற்கு முன்பே நீளக்கைச் சட்டை போட்டு, கொசு விரட்டி பூசி, மருந்தூட்டிய வலைக்குள் படுங்கள். மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். காய்ச்சல் வந்து டெங்கி இல்லை என்றார்களானால், கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: கடந்த ஒரு மாதத்தில் எந்தக் காட்டில், எந்தத் தோட்டத்தில், எந்தக் கூடாரத்தில் இரவைக் கழித்தீர்கள் என்று. அந்த ஒரு வரி படிவத்தில் ஏறிவிட்டால், இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் நாங்கள் மீதியைப் பார்த்துக்கொள்வோம்.